அதிர்வை அளக்கும் மேசை

பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர் என்றால் பாதி நாள் லென்ஸ் துடைக்க வேண்டும், மீதி நாள் "ஏன் ரீடிங் வரல?" என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். மிச்ச இயற்பியலை அலமாரியில் கிடந்த பழைய புத்தகங்களைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றுக்கும் நூறு

மேசை ஓரத்தில் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றை இறுக்கி, நுனியில் அட்டை ஒட்டுவோம். ஒரு பக்கம் டார்ச், மறுபக்கம் ஒளியை உணரும் சென்சார். பிளேடைத் தட்டினால் அட்டை ஆடி வெளிச்சத்தை மறைத்து மறைத்து விடும். கம்ப்யூட்டரில் அலை தெரியும். ஆரம்பத்தில் எந்த பிளேடைப் போட்டாலும் நொடிக்கு நூறு அதிர்வு என்றே வந்தது. பிளேடே இல்லாதபோதும் நூறு! மூன்றாம் நாள் ஏதோ தோன்றி டியூப்லைட்டை அணைத்தேன். நூறு காணாமல் போனது. கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு தடவை மங்கி எரிகிறது அது. இயற்பியல் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணா, மூணு நாளா டியூப்லைட்டையா அளந்துக்கினு இருந்தோம்?"

கோயில் வேட்டு

அதிலிருந்து விளக்கை அணைப்பதும் டார்ச் பிடிப்பதும் என் பொறுப்பு. பிரம்மோற்சவத்தில் ஒருநாள் காலை, சாமி புறப்பாட்டுக்கு வேட்டு போட்டார்கள். நான் துள்ளினேன். திரையில் கோடும் துள்ளியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"மிஸ், அண்ணா பயந்தது கூட இதுல எழுதிருக்குது!"

அடங்காத கோடு

என் மனைவி இறந்த மறுவருஷம் எனக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. அவள் இருந்திருந்தால் காபி டம்ளரைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். வெளியே தெரிந்தால் என்னை ஆய்வகத்திலிருந்து வாசல் கேட்டுக் காவலுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயம். பகல் முழுக்க எனக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான். அதனால் முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடிப்பேன்.

ஒருநாள் பிளேடு நின்ற பிறகும் கோடு மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. நொடிக்கு ஐந்து. பதினொன்றாம் வகுப்பு தேன்மொழி ஃபேனை நிறுத்தினாள், மேசையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். டார்ச்சை வாங்கி இரண்டு புத்தகங்களுக்கு நடுவே வைத்தாள். கோடு நேரானது. மணி அடித்து எல்லோரும் போன பிறகு, அந்த அலையை அச்செடுத்த தாளோடு வந்தாள்.

"எங்க பெரியப்பாவுக்கும் இப்டிதான் இருந்துது. மாத்திரை போட்டுக்கினு இப்போ தறியில அறுந்த இழைய அவரே முடிச்சு போடறாரு. இத டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணா."

ஸ்டாண்டு

காட்டினேன். மாத்திரை கொடுத்தார், நடுக்கம் பாதி குறைந்தது. மீதியை மறைக்க மனமில்லாமல் டீச்சரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் அலமாரியிலிருந்து ஓர் இரும்பு ஸ்டாண்டை எடுத்து டார்ச்சை அதில் மாட்டினார். சரி, இனி கேட்டுதான் என்று நினைத்தேன்.

"டார்ச் பிடிக்க இது போதும்ணா. எந்த லைட்ட அணைக்கணும்னு இதுக்குத் தெரியுமா?"

இத்தனை வருஷம் ஆடுவதையெல்லாம் அளக்க உதவிய நான், என் ஆட்டத்தை அளந்த பெண்ணுக்கு நன்றியாக, அவளுடைய ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை மட்டும் போட்டுக் கொடுத்தேன், சற்றுக் கோணலாக.