மெஹர் அக்கா மிச்சம் வைத்த டப்பா

போன வாரம் மதியம், ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் ப்ரியா தன் டிபன் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். "நாலு வாய்லயே வயிறு ஃபுல்லாயிடுச்சுக்கா. நீங்க சாப்புடுங்க." தேங்காய்ப்பால் சாதம். பட்டை, கிராம்பு வாசம் தூக்கியது. எனக்கோ எடுக்கக் கை வரவில்லை.

அந்த வாசம் மெஹர் அக்காவுடையது. நந்தனத்தில் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஆபீசில் பக்கத்து சீட். திருவல்லிக்கேணியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் டப்பாவைத் திறந்தால் மாடி முழுக்க மணக்கும். ஆதம்பாக்கத்திலிருந்து வரும் என் தயிர்சாதம் கூச்சத்தில் மூடியே கிடக்கும்.

ஒரு கட்டத்தில் அக்காவால் பாதிகூடச் சாப்பிட முடியவில்லை. "இன்னாவோ தெரியல, ரெண்டு வாய்க்கே வயிறு ரொம்பிக்கினு வருது. நீ துன்னு கண்ணு."

தின்றேன். தினமும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது. மூன்றே மாதத்தில் என் சுடிதாரைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. அக்காவும் பாவாடை நாடாவைத் தளர்த்திக்கொண்டேதான் வந்தார். முகம் மட்டும் வற்றிக்கொண்டு போனது. பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். மயிலாப்பூரிலிருந்து வரும் சூப்பிரண்டு மாமி, "வாயுதான். எங்காத்துல எல்லாருக்கும் இதான்" என்று ஓமவாட்டர் ஒரு பாட்டிலையே வாங்கி வந்தார். அக்கா மணிக்கொரு தரம் பாத்ரூம் போனதற்கு, "சீட்ட அங்கயே போட்டுரலாமாக்கா?" என்று கேட்டவள் நான்தான். அவரும் சிரித்தார். அடிவயிறு வலித்தால், "அம்பது வயசாச்சுல்ல, அப்டித்தான்" என்பார்.

கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது, சினைப்பையில் புற்றுநோய். முற்றியிருந்தது. வயிற்றில் நீர் கோத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். "டாக்டரம்மா சொல்லுச்சு, ஒண்ணொண்ணா பாத்தா எல்லாம் சாதாரணம்தானாம். ஆனா புதுசா வந்து, ரெண்டு மூணு வாரமா வுடாம தெனம் கீதுன்னா உடனே காட்டிடணுமாம். நமக்கு இன்னா தெரியும்?" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "நீயாவது வயிறார துன்னியே" என்றார். அவர் எதிரில் அழக்கூடாது என்று நினைத்துப் போனவள், அங்கேயே அழுதுவிட்டேன். அடுத்த ரம்ஜானுக்கு அக்கா இல்லை.

ப்ரியாவிடம், "எத்தன நாளா?" என்றேன்.

"ஒரு மாசமாக்கா. வெறும் கேஸ் ட்ரபிள்தான்."

டப்பாவை மூடி அவளிடமே கொடுத்தேன். அன்று சாயங்காலமே அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போய் ஸ்கேனும் எடுக்க வைத்தேன். நல்லவேளை, ஸ்கேனில் ஒன்றுமில்லை; வயிற்றுப்புண்தான் என்றார் டாக்டரம்மா. ஊரையே கூட்டினேன் என்று இன்னும் கிண்டல் செய்கிறாள். செய்யட்டும்.

நந்தனத்து ஆபீசை இடித்துவிட்டார்கள். மெஹர் அக்கா போய்விட்டார். ஒருத்தி மிச்சம் வைத்த சோற்றை, எத்தனை நாளாக என்று கேட்காமல் வாங்கித் தின்ற அந்தப் பெண்ணும் இப்போது இல்லை.