கடற்காற்றில் போன பந்து

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பல நாடுகளில் அலைந்து, கடைசியில் கனடாவில், பிறம்ரனில் ட்ரக் ஓட்டுகிறேன். என்னோடு மாறி மாறி ஓட்டும் சிவம் அண்ணைக்குக் கோல்ஃப் பைத்தியம். அத்திலாந்திக் கரையில் லோட் இறக்கிய மறுநாள், பெரிய போட்டிகள் நடக்கும் கடலோர மைதானம் ஒன்றுக்கு என்னையும் இழுத்துப் போனார்.

"பந்து ஆக்களின்ரை பக்கம் போனா 'ஃபோர்' எண்டு கத்து. அதுதான் இஞ்சத்தை முறை," என்றார்.

மரமே இல்லாத வெளி. காற்று ஆளைத் தள்ளியது. அண்ணையின் பந்து வலப்பக்க மணற்குழிக்குள் விழுந்தது. நான் அடிக்குமுன்பே அவர் அதைத் தேடி நடந்துவிட்டார். விலகித்தானே நிற்கிறார் என்று நான் ஓங்கி அடித்தேன். காற்று பந்தை வளைத்து நேரே அவரை நோக்கிக் கொண்டுபோனது.

கத்த வாய் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை.

"விழுந்து படுங்கோ!"

திரும்பியும் பாராமல் அண்ணை குப்புற விழுந்தார். அவர் தலை இருந்த இடத்தைத் தாண்டிப் பந்து மணற்சுவரில் புதைந்தது.

அவர் எழும்பவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்தபடி கிடந்தார்.

"அண்ணை, பந்து... பந்துதான்."

"தெரியுமடா. கொஞ்சம் பொறு."

மெல்ல எழுந்து மணலைத் துப்பினார். "நீ ஃபோர் எண்டு கத்தியிருந்தா, ஆரெண்டு திரும்பிப் பாத்திருப்பன்," என்று சிரித்தார்.

ஊரில் சண்டை நடந்தபோது ஷெல்லடிக்குள் பதுங்கியவர்கள்தான் அப்படிப் படுப்பார்கள். ஒரே ட்ரக்கில் இத்தனை வருடம் ஓடியும், அவர் எங்கே அப்படிக் கிடந்தார் என்று நான் கேட்டதில்லை. என்னையும் அவர் கேட்டதில்லை. பிறம்ரன் திரும்பும் வழியில்தான் ஒருவரை ஒருவர் கேட்டோம்.