மரத்தடித் தாலி

ஐம்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்திய அப்பா, மருத்துவமனைக் கணினியில் பூஜாங்காக இருந்தார். அதாவது, கல்யாணமாகாதவர். இருதய அறுவைக்குப் பதியப் போன இடத்தில் தாதி அதை உரக்கப் படித்துவிட்டாள். பக்கத்தில் மருந்துப் பையோடு நின்ற அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. கல்யாணப் பத்திரம் கைக்கு வராமல் அவரை அறுவைக்கு அனுப்பமாட்டேன் என்று அம்மா அங்கேயே சொல்லிவிட்டாள். அறுவைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

பாலிங் பக்கம் காட்டை அழித்துப் போட்ட புதுத் தோட்டத்தில் முதலில் குடியேறிய ஏழெட்டுப் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. அப்போது அங்கே கோயில் கிடையாது. ஒருத்தி தனக்குப் பிடித்தவனை, ஆட்களை வேலை வாங்கும் தண்டலிடம் சொன்னால் போதும், வெட்டாமல் விட்ட ஒரு பெரிய மரத்தடியில் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து கட்டவைத்துவிடுவார். தனக்கு ஒதுக்கிய வரிசை லாலாங் புல்லில் தினமும் பாதியை வெட்டிக் கொடுத்தார் என்பதற்காக அம்மா அப்பாவைச் சொன்னாள். இரண்டு வருடம் கழித்துக் கோயில் எழும்பியதும், அப்படிச் சேர்ந்த ஜோடிகளையெல்லாம் தண்டல் ஒரே காலையில் வரிசையாக உட்காரவைத்து மறுபடி தாலி கட்டவைத்தார். அன்று நான் அம்மாவின் மடியில் இருந்தேன்.

நாங்கள் இப்போது இருக்கும் திகாம் பத்துவிலிருந்து பதிவு அலுவலகத்துக்கு இருவரையும் மூன்று முறை காரில் கொண்டுபோனேன். கல்யாணத் தேதி கேட்டதற்கு முதல் இரண்டு முறையும் அம்மா மரத்தடி நாளைச் சொன்னாள், அப்பா கோயில் நாளைச் சொன்னார். ஒத்துப் பேசிவிட்டு வாருங்கள் என்று அதிகாரி திருப்பி அனுப்பினாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஏதோ ஒரு தேதியைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கத்தியும் பார்த்தேன்.

"சாமி முன்னாடி கட்டுனதுதாம்மா கல்யாணம். காட்டுல கட்டுனத போயி ஆபீஸ்ல சொல்லுவாங்களா?" என்றார் அப்பா என்னிடம்.

"அப்ப அந்த ரெண்டு வருசம் நான் யாரு?" என்றாள் அம்மா, பின் இருக்கையிலிருந்து.

அப்பா ரேடியோவைப் போட்டார்.

மூன்றாவது முறை அப்பா பாரத்தில் கோயில் தேதியை எழுதியதும் அதிகாரி என் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டாள். அதையும் அப்பா எழுதிய தேதியையும் மாறிமாறிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பே பிறந்திருக்கிறாரே, இவர் உங்கள் மகள்தானா என்று மலாயில் மரியாதையாகத்தான் கேட்டாள். நரைக்கு மை பூசிய என்னை அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பாரத்தை வாங்கி, கோயில் தேதியைத் தன் கையாலேயே அடித்தார். மரத்தடி நாளை எழுதச் சொன்னார்.

எனக்கு மூச்சு வந்தது. அம்மா பேனாவை எடுக்கவில்லை.

"மவளப் பத்திக் கேட்டதும் தேதி மாறிருச்சு. நான் எத்தன வருசமா கேக்கறேன்," என்றாள்.

அப்பா பேனாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டாள்.