மடித்துத் தைக்க முடியாத கால்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே தையல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அதைக்கூடக் கவனிக்காமல், "கிளம்பலாமா? கடையைத் தொறந்திருப்பாங்க!" என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைந்தார். ஊருக்கே சட்டை தைக்கிற மனுஷன்!

இருபத்தாறு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஏரிக்கரையில் நின்று தூண்டில் போட்டவர். கரையோரம் என்ன கிடைக்கும்? விரல் நீளப் பொடிமீன். பெரிசெல்லாம் நடு ஏரியில் துள்ளி இவருக்குப் பழிப்புக் காட்டும். இந்த வருஷம் படகு வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆசை மீன் மேல் மட்டுமல்ல. பிள்ளைகள் இருவரும் வெளியூர் போய்விட்டார்கள். இனி மனைவியையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஸ்கூல் வேன் ஓட்டுகிற அந்த அம்மாளோ கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஏறி நின்னு பாப்பேன். ஆடுச்சுன்னா நீங்க மட்டும் போயிக்குங்க."

படகுக் கடை ஏரியை ஒட்டியே இருந்தது. நாலைந்து அலுமினியப் படகுகள் தண்ணீரில் கட்டிக் கிடந்தன. தையல்காரர் நேரே போய் நின்றது பதினாலு அடி நீளமும் கூரான அடிப்பாகமும் கொண்ட ஒன்றிடம்.

"அடேயப்பா, என்ன ஒரு வெட்டு! என்ன ஒரு இடுப்பு!"

மனைவி ஒரு காலை வைத்தாள். படகு பக்கவாட்டில் சாய்ந்தது. வைத்த காலை அப்படியே எடுத்துக்கொண்டாள். தையல்காரரின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏரிக்குத் தட்டையான அடிப்பாகந்தாண்ணே சரி," என்றார் கடைக்காரர். "அலை பெருசா அடிச்சா கொஞ்சம் தூக்கிப் போடும். ஆனா நின்னா ஆடாது."

அவர் காட்டிய பன்னிரண்டு அடிப் படகு பார்க்க ஒரு தொட்டி மாதிரிதான் இருந்தது. மனைவி ஏறினாள், நின்றாள், கால் மாற்றி நின்றாள், போதாதென்று ஒரு குதியும் குதித்தாள். "கூடத்துல நிக்கிற மாதிரி இருக்குங்க!"

அவ்வளவுதான், கூரான அழகியைத் தையல்காரர் அந்த நிமிஷமே மறந்தார். "இதையே போடுங்க!"

அடுத்தது மோட்டார். எட்டு எச்.பி. போதும் என்று முடிவாயிற்று. "தண்ணிக்குள்ள இறங்குற மோட்டார் கால் எவ்வளவு நீளம்ணே வேணும்?" என்று கடைக்காரர் கேட்பதற்குள் கழுத்திலிருந்த டேப் படகின் பின்பலகைமேல் ஏறிவிட்டது.

"பதினஞ்சு இஞ்ச். அப்போ இருபது இஞ்ச் கால் குடுங்க."

"பதினஞ்சுக்குப் பதினஞ்சுதானே?"

"கொஞ்சம் கூட இருக்கட்டுமே. மடிச்சுக்கலாம்!"

கடைக்காரர் வாயைப் பிளந்தார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மோட்டார் காலை மடிச்சு உள்தையல் போடப் போறீங்களா?" முப்பது வருஷமாகப் பேன்ட் தைத்த வாய், பாவம், வேறென்ன சொல்லும்! அஞ்சு இஞ்ச் கூடத் தொங்கினால் கரையோரச் சேற்றில் விசிறி மாட்டிக்கொள்ளும், வேகமும் வீணாகும் என்று கடைக்காரர் விளக்கியபோது அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

பதினைந்து இஞ்ச் மோட்டாரை மாட்டி, இருவருக்கும் மிதவைச் சட்டை போட்டு, ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். தையல்காரர் கயிற்றை நாலு தடவை இழுத்தார். மோட்டார் இருமியதோடு சரி.

"தள்ளி உக்காருங்க," என்றாள் மனைவி. ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது! கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்கிற சூட்சுமம் இரண்டே வளைவில் அவளுக்குக் கைவந்துவிட்டது. முன்பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு தையல்காரர் சின்னப் பிள்ளையாகக் கூவினார். நடு ஏரியில் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்ல?"

"வாரமெல்லாம் வேன் ஓட்டுற. ஞாயித்துக்கிழமையாவது தூங்கட்டுமேன்னுதான்..."

"யாரு தூங்கினா? நீங்க வர்ற வரைக்கும் கூரையைப் பாத்துட்டுக் கிடந்தேன்."

அவர் முன்பலகையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "இனிமே நீ இல்லாம போகமாட்டேன்," என்றார்.

"எப்படிப் போவீங்க? அதுக்கு ஸ்டார்ட் பண்ணத் தெரியணுமே!"