தங்கச்சிக்கு உடைத்த தேங்காய்

யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டுக்கு வருவதென்றால் ஒன்று விசாவுக்கு, இல்லாவிட்டால் ஸ்பெஷலிஸ்ட் டொக்டரைச் சனல் பண்ணி, நேரம் பதிந்து காட்டுவதற்கு. விசாக்காரர்கள் கெதியாகப் போய்விடுவார்கள். என் சித்தியும் அவருடைய மகளும் ஸ்பெஷலிஸ்டுக்கு வந்தவர்கள். மாதக்கணக்கில் இருந்தார்கள்.

எனக்கு எட்டு வயது, சித்தியின் மகளான தங்கச்சிக்கு ஆறு. குடலில் ஏதோ பிழையாம். முதல் ஆப்பரேஷன் முடிந்து வந்தவளுக்கு ஃபேனுக்கு நேர் கீழே இருந்த என் கட்டிலைக் கொடுத்தார்கள். அம்மா சோற்றைக் குழைத்து அவளுக்கு ஊட்டினார். அவளுக்கு உறைக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் கறி மிளகாயில்லாமல் வெள்ளையாகிவிட்டது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

எல்லாவற்றிலும் மோசம் அந்தப் பூட்டிய கதவு. காலையில் அம்மா அவளை அறைக்குள் கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். உள்ளே இருவரும் சிரிப்பது கேட்கும். சொக்லேட்தான் தின்கிறார்கள், வேறென்ன! டொக்டர் அவளுடைய வயிற்றில் ஒரு வழி திறந்து, மலம் வந்து சேர ஒரு பை ஒட்டியிருந்தார். சித்திக்கு அதைத் தொடப் பயம் என்பதால் அம்மாதான் அதை மாற்றினார். இதெல்லாம் பெரியவளான பிறகு எனக்குத் தெரிந்தவை.

இது போதாதென்று, நான் டொய்லெட்டுக்குப் போனால் அங்கேயும் வந்து கதவோரம் நிற்பாள்.

"அக்கா, வருகுதோ?"

"போடி அங்கால!"

"நோகுமோ அக்கா?"

"அம்மா, இவளைக் கூப்பிடுங்கோ! நிம்மதியா இருக்க விடுறாள் இல்லை!"

"அவளோடை கத்தாதை பிள்ளை," என்று ஏச்சு எனக்குத்தான் விழும்.

பிறகு குடலைத் திருப்பிப் பொருத்த இரண்டாவது ஆப்பரேஷன். பொருத்திய குடல் வேலை செய்கிறதா என்று ஸ்பெஷலிஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தாராம். வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. என்னோடு கதைக்கவும் ஆளில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சித்தி போன் எடுத்துச் சொன்னதும் அம்மா வீடு அதிரக் கத்தினார்.

"தங்கச்சி கக்கா இருந்திட்டாளாம்!"

கந்தோர் வேலைக்குப் புறப்பட்டு நின்ற அப்பா, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனார். அம்மா பாயசம் காய்ச்சி மேல்மாடி முஸ்லிம் மாமிக்குக் கொண்டுபோனார். அந்த மாமியும் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கண்ணைத் துடைத்தார். அட, இதற்கா இவ்வளவு கூத்து! நான் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் வேலை இது. எனக்கு யாராவது ஒரு தேங்காய் உடைத்தார்களா?

மறுநாள் காலை டொய்லெட்டால் வந்து, வீட்டு ஹோல் நடுவில் நின்று அறிவித்தேன்.

"நானும் கக்கா இருந்திட்டன்!"

ஏச்சு விழும் என்று நினைத்தேன். அம்மா என்னை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டு, சுவரிலிருந்த சாமிப் படத்தைப் பார்த்து அழத் தொடங்கினார்.

"என்ரை பிள்ளையாரே, எட்டு வருசமா இதுக்கு ஒரு நன்றி சொல்லேல்லையே நான்!"

எதற்கு நன்றி, எதற்கு அழுகை, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய கையை விலக்கிவிட்டுக் கேட்டேன்:

"அப்ப என்ரை தேங்காய் எங்கை?"