பெரிய தட்டும் வாசற்படியும்

அன்று பல்லேகலவில் அந்த வீட்டு முற்றத்தில் நான்கு பேர் இருந்தோம். அனுமதி எடுத்து மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கும் என் முதலாளி மடவளை நவாஸ் நானா, அவரிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நான், வீட்டுக்காரர் சிவகுமார், அவர் மனைவி கௌசல்யா. சிவகுமாரின் அம்மா மட்டும் இல்லை. தெல்தெனியவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மாலையில் திரும்பிவிடுவார்.

அவர் வருவதற்குள் தோடு கிடைக்க வேண்டும். கல்யாணத்தன்று தன் காதிலிருந்து கழற்றி மருமகளுக்குப் போட்ட சிவப்புக் கல் தோடு. காலையில் உடுப்புக் காயப்போடும்போது ஒன்று கழன்று விழுந்திருந்தது.

டிடெக்டரின் நுனியில் தரையைத் தடவிச் செல்லும் வட்டப் பகுதிதான் கொயில். நாங்கள் தட்டு என்போம். பெரிய தட்டு ஆழம் பார்க்கும், திறந்த வெளிக்கு ஏற்றது. சின்னது ஆழம் போகாது. ஆனால் ஆணியும் தகரமும் கிடக்கிற இடத்தில் ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சடித்த எதையும் கடைசிப் பக்கம்வரை படித்துவிடுவேன். மெஷினோடு வந்த புத்தகத்தையும் விடவில்லை.

“நானா, இதுக்குச் சின்னத் தட்டு போதுங்க.”

“சின்னத்த எடுத்தா, சட்டி மூடியத் தூக்கிட்டு வந்தீக்கிற எண்டு கஸ்டமர் செல்லுவார். பெருசப் பூட்டு தம்பி.”

பூட்டினேன். உடுப்புக் கொடியின் இரும்புக் கம்பத்தை நெருங்கியதும் மெஷின் ஓயாமல் கத்தியது. “அது இரும்பு, உடு” என்றார் நானா. வாசற்படியில் மட்டும் தெளிவான ஒலி. திரையில் காசு, நகைக்குரிய எண். ஆழம் பத்து அங்குலம்.

“காலையில விழுந்தது சீமெந்துக்குள்ள எப்படிங்க போகும்?” என்று கௌசல்யா கேட்டார்.

சிவகுமார் படியோரம் இருந்த பொந்தைக் காட்டினார். “எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.”

“எலிக்குத் தோடு எதுக்கு?”

“பொம்பள எலியா இருக்கும்.”

அலவாங்கால் படியை உடைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “புதையலா?” என்றார். நானா சீமெந்துத் துண்டுகளை அள்ளிப் போட்டார். அவர் போகவே இல்லை.

உள்ளே நைந்த மஞ்சள் துணி சுற்றிய சின்னச் செம்பு. அதற்குள் சில காசுகள், ஒரு பொட்டுத் தங்கம். வீடு கட்டும்போது வாசல்கால் சடங்குக்காகப் புதைத்தது. புதைத்தவர்தான் தெல்தெனியவில் இருந்தார்.

நானா மெதுவாகச் சொன்னார். “தம்பி, அந்தச் சட்டி மூடியப் பூட்டு.”

சின்னத் தட்டோடு கொடிக் கம்பத்தடிக்குப் போனேன். கம்பத்தின் சத்தம் ஒரு பக்கம், இன்னொரு சின்னச் சத்தம் தனியாக. புல்லை விலக்கினேன். தோடு மண்ணுக்குள்கூடப் போகவில்லை.

கௌசல்யா அதைப் போட்டுக்கொள்ளவும் ஓட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மாமியார் மருமகளின் காதைப் பார்க்கவே இல்லை.

“வாசப்படி எங்கடா?”

சிவகுமார் எல்லாவற்றையும் சொன்னார், எலி உட்பட. அம்மா செம்பை மடியில் வைத்தபடி கேட்டார்.

“தொலஞ்சிருச்சுன்னு சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேன். அம்புட்டுத்தானே? திட்டுக்கு என்ன, காசா பணமா?”

அன்றிலிருந்து மெஷினைத் திறக்குமுன் ஒன்று கேட்கிறேன்: எப்போது விழுந்தது? இன்று நேற்று விழுந்தது மேலேதான் கிடக்கும், அதற்குச் சின்னத் தட்டு. பெரிய தட்டிலும் குறையில்லை. ஆனால் அது தொலையாததையும் கண்டுபிடித்துவிடும்.

எங்கள் கூலியை நானா வாங்கவில்லை. படியைத் திரும்பக் கட்டிய மேசன் பாஸுக்கும், சீமெந்து மணலுக்கும், செம்பைத் திரும்ப வைத்த ஐயருக்கும் ஆன செலவை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் போட்டோம். மொத்தம் பத்தொன்பதாயிரத்து எண்ணூறு ரூபா.