வெளிச்சம் ஆகாத ஜெல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரியும் இருட்டறையில்தான் வேலை. கேலியை அவள் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

அவள் வளர்ப்பது உயிரணுக்களை. அவை கால் ஊன்றப் புரதத்தில் செய்த ஒரு ஜெல் வேண்டும். பொல்லாத ஜெல் அது. இருட்டில் கெட்டியாக நிற்கும், சிவப்பு தவிர வேறு வெளிச்சம் பட்டால் இளகும். அளவாகக் காட்டினால் சதையின் பதம் வரும். கூடிப்போனால் தண்ணீர்தான், அப்புறம் தலைகீழாக நின்றாலும் இறுகாது.

ஓரத்துத் தட்டில் இருந்தவை அவளுடைய அண்ணனின் தசை அணுக்கள். தசை தேயும் நோயில் படுத்திருந்தபோது அவரே மனமுவந்து கொடுத்தவை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அணுக்கள் பிழைத்துக் கிடந்தன. உறைய வைத்திருந்த மிச்சம் உயிர் பிடிக்கவில்லை. ஆக, இருந்தது அந்த ஒரே தட்டு.

அண்ணி தினமும் போனில் கேட்பாள்: "அவர் எப்படி இருக்கார்?"

முதல்முறை இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நன்றாக இருக்கிறார் என்று சொன்னால்தான் அந்த மனுஷிக்குச் சோறு இறங்கும் என்று தெரிந்ததும் பழகிக்கொண்டாள். அதற்காகவே விதியை மீறி இருட்டறைக்குள்ளும் போனைக் கொண்டுபோனாள்.

அன்று தட்டின் உறையைப் பிரித்து, சத்துநீர் மாற்றும் நேரத்தில் அழைப்பு வந்தது. அண்ணனின் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி எல்லோரும் நச்சரிக்கிறார்களாம். அண்ணி தேம்பினாள். இவளுக்கு மனசு கேட்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டை ஒட்டிச் சாய்த்து வைத்தாள்.

"அவர் பக்கத்துலதான் வச்சிருக்கேன் அண்ணி. பேசுங்க."

அண்ணி பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். இவளும் அழுதாள். எத்தனையோ பேருக்கு வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவள், போனின் திரை எரிந்துகொண்டே இருந்ததைக் கவனிக்கவில்லை.

தட்டைத் தூக்கியபோது உள்ளே தளும்பியது. பிடிமானம் போன அணுக்கள் உருண்டு மிதந்தன. புது ஜெல் ஊற்றி அவற்றைச் சேர்த்துப் பார்த்தாள். மறுநாள் ஒன்றுகூட ஒட்டவில்லை. வேறு நோயாளியிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றார் பேராசிரியர். அவருக்குக் கிடைக்கும். இவளுக்கு அண்ணன் இரண்டாம் முறை செத்துப்போனார், இம்முறை இவள் கையாலேயே.

வழக்கம்போல அண்ணி அழைத்தாள். அவர் எப்படி இருக்கிறார் என்றாள். நன்றாக இருக்கிறார் என்று இவள் வாய் தன்னால் சொன்னது.

"நேத்து அவர்கிட்ட பேசினதுலதான் எனக்கு மனசு கொஞ்சம் ஆறுச்சு. இனிமே தினமும் போனை அவர் பக்கத்துலயே வை."

"சரி அண்ணி" என்றாள். வெறும் மேஜைமேல் போனை வைத்துவிட்டு, அண்ணி பேசி முடிக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.